அடி விழுந்தது

"அடி விழுந்தது" என்ற தொடரில் எழுவாய் 'அடி'. அடித்தவர் அத்தொடரில் இல்லை. மொழியியல் முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேனே தவிர, என் குழந்தைப் பருவம் முழுவதையும் நான் இந்த இலக்கணத்தில்தான் சொல்லிவருகிறேன் என்று அன்று தோன்றவில்லை.

என் ஊர் நாகலாபுரம். வீட்டில் தமிழ், பள்ளியிலும் தெருவிலும் தெலுங்கு. 1960இல் எல்லை மாற்றப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்திற்குப் போயிற்று. எங்களுக்கு அடுத்த சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திரத்திற்கு வந்தது. இப்பகுதியில் இரு மொழியும் அறியாதவர் குறைவு. எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு மொழியும் இருந்தது: தாழ்ப்பாளின் ஓசை. இரவில் அது எப்படி விழுகிறது என்பதைக் கேட்டே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும். பத்தாண்டுகள் அப்படிக் கேட்டோம். ஆய்வு மாணவியர் விடுதியில் பக்கத்து அறைத் தாழ்ப்பாள் சற்று வேகமாக விழுந்தாலும் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

இதை 'அதிர்ச்சி' என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடன்று. அதிர்ச்சி ஒரு கணத்தில் நேர்வது, விபத்துக்குப் பொருந்தும். தப்பிச் செல்ல வழியில்லாத இடத்தில், சார்ந்து வாழ வேண்டியவராலேயே, ஆண்டுக்கணக்கில் நேரும் துன்பம் வேறு வகையானது என்று ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதினார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நல நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பகுப்பு அதைத் தனி நோயாகவே ஏற்றது. பழைய நிகழ்வு கண்முன் மீள்வது, அதை நினைவூட்டுவனவற்றைத் தவிர்ப்பது, ஓயாத விழிப்பு ஆகியவற்றோடு இன்னும் மூன்று கூறுகளை அது சேர்க்கிறது: உணர்வுகளை ஆள இயலாமை, தான் மதிப்பற்றவள் என்னும் நீங்காத எண்ணம், பிறரோடு நெருங்குவதில் இடர். இரண்டாவதைப் படித்துவிட்டு நூலகத்தில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதுவரை அதை என் குணம் என்றே நம்பியிருந்தேன்.

தமிழில் இதற்கு நல்ல சொல்லைப் பழக்கத்திற்குக் கொண்டுவந்தவர்கள் ஈழத்தவர்: மனவடு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகளை ஆய்வுக்காகவே படிக்கத் தொடங்கினேன்; பிறகு எனக்காகப் படித்தேன். அங்கே பலரும் துயரத்தைத் துயரமாகச் சொல்லாமல், தலையிடியாகவும் உடல் நோவாகவும் கொண்டுவந்தனர். காணாமற்போனவருக்குச் சடங்கும் செய்ய முடியாமல், காத்திருப்பையும் விட முடியாமல் குடும்பங்கள் நின்றன. காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊருமாகச் சேர்ந்தே காயப்படுகின்றன என்ற அவருடைய 'கூட்டு மனவடு'க் கருத்து இந்த அனுபவத்திலிருந்து வந்தது. ஒரு போரை என் வீட்டுக் கூடத்தோடு ஒப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் அம்மாவின் தீராத தலைவலியை நான் முதன்முதலில் புரிந்துகொண்டது அந்தப் பக்கங்களில்தான்.

உளவளத் துணையாளரிடம் நான் முதலில் பேசியது தெலுங்கில். அவர் தெலுங்கர் என்பது பாதிக் காரணமே. எங்கள் தெருவில் பிள்ளைகள் தம் தந்தையைப் பற்றி "நான்ன கொட்டாடு" என்பது இயல்பு. அதில் அவமதிப்பு இல்லை. தமிழிலோ 'அடித்தான்' என்றால் நான் கெட்ட மகள். 'அடித்தார்' என்றால் அந்த 'ஆர்' விகுதி அடிக்கும் மரியாதை செய்கிறது. இரண்டுக்கும் நடுவே தமிழில் இடமில்லாததால் 'அடி விழுந்தது' என்று எழுவாயை மாற்றித் தப்பித்துக்கொண்டிருந்தேன். "அப்பா அம்மாவை அடித்தார், என்னையும் அடித்தார்" என்று தமிழில் சொல்லி முடிக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. அன்று இரவு காய்ச்சல் வந்தது. மறுவாரமும் போனேன்.

குணமாகிவிட்டேன் என்று எழுதமாட்டேன். தூக்கம் வருகிறது; அது பெரிது. (கட்டணம் தர இயலாத மாணவர்கள் டெலி-மானஸ் 14416 எண்ணை அழைக்கலாம், அரசின் இலவசச் சேவை, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.)

இந்தப் பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். வேதநாராயணர் கோயிலில் மாலை வெயில் மூன்று நாள் கருவறைவரை செல்லும்: முதல் நாள் பாதத்தில், அடுத்த நாள் நாபியில், மூன்றாம் நாள் நெற்றியில். இரண்டாம் நாள் கூட்டம் கலைந்தபின் நானும் அம்மாவும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா வாதம் வந்து வீட்டில் படுத்திருக்கிறார், கஞ்சிக்கு நேரமாகியிருந்தது. அம்மா எழவில்லை. தூணைப் பார்த்தபடியே, "நம்மள ரொம்ப அடிச்சாரு, இல்ல?" என்றார்.

'என்னை' என்றோ 'உன்னை' என்றோ சொல்லவில்லை. 'எங்கள' என்றும் சொல்லவில்லை. ஊத்துக்கோட்டைப் பேருந்தில் ஏறிய பிறகுதான் அந்த 'நம்மள' எனக்கு உறைத்தது.