மக்ரூன் போக மிஞ்சிய மஞ்சள் கரு

“ஏட்டி, மஞ்சக்கருவ என்ன செஞ்ச?”

ஆச்சி கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. ஆறு முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் எடுத்து, சீனி போட்டு நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி கலந்து, கோவில்பட்டி வீட்டிலேயே தூத்துக்குடி மக்ரூன் செய்து பார்த்த நாள் அது. மஞ்சள் கரு சிங்க்கில் போயிருந்தது.

கரிசல் கிராமத்தில் நாலு கோழி வளர்த்தவர் ஆச்சி. முட்டையைப் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்காமல் விற்றுத்தான் நோட்டுப் புத்தகம் வாங்கினார். மழை பொய்த்த வருஷங்களில் உப்புக்கும் மிளகாய்க்கும் அந்த முட்டைக்காசுதான். அன்று முழுக்க என்னிடம் அவர் பேசவில்லை.

எங்கள் ஊர்ப் பெருமை கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. மக்ரூன் பக்கத்து ஊர்க்காரர். எட்டயபுரம் வழியாக பஸ் பிடித்தால், பருத்தியும் மக்காச்சோளமுமாகக் கரிசல் ஓடி, கடைசியில் உப்பளம் வெள்ளையாகத் தெரியும்போது தூத்துக்குடி வந்துவிடும். முத்துக்குளித்துறைக்கு 16-ம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியர், 1658-ல் டச்சுக்காரர்களிடம் ஊரைப் பறிகொடுத்தார்கள். மக்ரூன் அவர்கள் விட்டுப்போனது என்பார்கள். பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது நிச்சயமாக அவர்கள்தான்.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் ஊரிலும் இதே மஞ்சள் கருப் பிரச்னைதான். மடங்களில் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவை எடுத்துக்கொள்வார்களாம். மிஞ்சிய மஞ்சள் கருவில் பிறந்தவைதான் அந்நாட்டு இனிப்புகளில் பாதி. அதில் பேர்போனது ‘பாஸ்தெய்ல் த நாத்தா’ என்கிற கஸ்டர்ட் டார்ட். லிஸ்பனை ஒட்டிய பெலேம் மடத்தில் செய்துவந்தது. 1834-ல் மடங்கள் மூடப்பட, 1837-ல் அருகிலேயே ஒரு கடை விற்க ஆரம்பித்தது. இன்றும் விற்கிறது.

ஆச்சியைச் சமாதானம் செய்ய இதைவிட நல்ல பலகாரம் கிடைக்குமா? அடுத்த முறை மக்ரூன் செய்தபோது, மஞ்சள் கரு மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள்வரை காயாமல் இருந்தது.

மேல்கூடு நம் பேக்கரி பப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக வர வேண்டும். 200 கிராம் மைதாவைச் சிட்டிகை உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, தேய்த்து, 150 கிராம் உப்பில்லாத வெண்ணெய் பரப்பி, மடித்து மடித்துத் தேய்ப்பது. லிஸ்பனில் சரி. சித்திரை மாதத்துக் கோவில்பட்டியில்? முதல் மடிப்பிலேயே வெண்ணெய் உருகி, மாவு பூரிக்கட்டையோடு வந்துவிட்டது. அதை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு, மறுநாள் விடிகாலை நாலரைக்கு எழுந்தேன். மூன்று மடிப்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம் ஃபிரிட்ஜ். வெயில் ஏறுமுன் மாவைப் பாய்போல் சுருட்டி, ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டேன். வெட்டிய முகம் மேலே தெரிய, எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, ஈரக் கட்டைவிரலால் ஓரம்வரை ஏற்ற வேண்டும்.

உள்ளே ஊற்றுவது சுலபம். 200 கிராம் சீனி, 100 மில்லி தண்ணீர், ஒரு துண்டுப் பட்டை, எலுமிச்சைத் தோல் - மூன்று நிமிஷம் கொதிக்கட்டும். (தடித்த பட்டை காரமடிக்கும், மெல்லிய சுருள் பட்டை நல்லது. அதைத் தேடித்தான் போர்த்துக்கீசியர் இலங்கைக்கே போனார்கள்.) 300 மில்லி பாலில் 30 கிராம் மைதாவைக் கரைத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சி, பாகை மெல்ல ஊற்றுங்கள். ஆறிய பிறகுதான் ஆறு மஞ்சள் கரு. சூட்டில் ஊற்றினால் கிடைப்பது முட்டைப் பொரியல். வடிகட்டி, முக்கால் கிண்ணம் நிரப்பி, நன்றாகச் சூடேறிய ஓடிஜி-யில் 250 டிகிரி, 15 முதல் 18 நிமிஷம்.

பன்னிரண்டு வந்தது. மேலே அங்கங்கே கறுப்புப் புள்ளி.

“கருக்கிட்டியே?”

“அப்படித்தான் இருக்கணும், ஆச்சி.”

நம்பாமல் ஒரு விள்ளல் வாயில் போட்டார். ஓரம் நொறுங்கிச் சேலையில் உதிர்ந்தது. உதிர்ந்ததையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு என்ன வெலைக்குப் போகும்?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். வெண்ணெய்க்கே பாதி போகிறது என்றும் சொன்னேன்.

“அப்ப முட்டைக்காரிக்கு என்ன மிஞ்சும்?” என்று கேட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தார்.