ஞமலிக்கு ஒரு பங்கு

நுழையும்முன்

கூடி உழைப்பதும் கிடைத்ததைக் கூறிட்டுக் கொள்வதும் நெய்தல் நில மக்களின் நெடுநாள் வழக்கம். அந்நிலத்தில் மனிதரோடு இரவும் பகலும் வாழும் ஓர் உயிர் மட்டும் எந்தக் கூறிலும் சேர்வதில்லை. அதன் வயிற்றைப் பற்றியும், வீட்டு அடுப்பிலேயே அதற்கெனச் சுடத்தக்க காய்கறிப் பண்டத்தைப் பற்றியும் பேசுகிறது இக்கட்டுரை.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகப் பரந்து கிடக்கிறது பழவேற்காட்டு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே மணல்திட்டுகள். அத்திட்டுகளிலும் ஏரிக்கரையிலும் மீனவர் வாழும் குப்பங்கள். மடவையும் இறாலும் நண்டும் இவ்வூர்களுக்குச் சோறிடுகின்றன.

இங்கே மீன்பிடிக்கும் உரிமைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஏரியின் எந்தப் பகுதியில் யார், எந்த நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டிற்குப் ‘பாடு’ என்று பெயர். கரைக்கு வந்த மீனைப் பிரிப்பதிலும் கணக்கு உண்டு. உழைத்த ஆளுக்குப் பங்கு. படகுக்கும் வலைக்கும் தனியே பங்கு. உயிரற்ற வலைக்குக்கூடப் பங்கு ஒதுக்கிய இக்கணக்கில், படகு கரையேறும்போது வாலாட்டி வரவேற்கும் நாய்க்கு இடமில்லை. அதற்குக் கிடைப்பது வலையிலிருந்து உதறிய பொடிமீனும், ஆய்ந்தெறிந்த தலையும் குடலும், இரவில் மிஞ்சிய குழம்புச் சோறும்தாம்.

படகுகள் ஓடும் நாளில் இது போதும் என்றே தோன்றும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கடலைக் கொந்தளிக்கச் செய்யும்போது நிலைமை வேறு. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகுகள் கரையிலேயே கிடக்கும். வீட்டில் உலை ஏறுவதே அரிதாகும் அந்நாளில் மிச்சம் என்று ஒன்று இராது. கரையில் கழிவும் இராது. ஊர் பட்டினி கிடப்பதற்கு முன்பே நாய் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடும்.

நடுகல்லில் நின்ற நாய்

தமிழருக்கு நாய் புதிய உறவன்று. ஞமலி, ஞாளி, சுணங்கன் என அதற்குப் பல பெயர் வழங்கியது இம்மொழி. அதன் குட்டியைக் ‘குருளை’ என்று சொல்வது மரபு என்கிறது தொல்காப்பிய மரபியல். திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீரனோடு அவனது நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்துநின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டே தெரிவிக்கிறது. அரசர்கள் பலரின் பெயரே மறைந்துபோன நாட்டில், ஏழாம் நூற்றாண்டு நாய் ஒன்றின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது! இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எனப் புகழ்பெற்ற இனங்களும் இம்மண்ணுக்குரியவை. குப்பத்து நாய்க்கு அப்படி இனப்பெயர் ஏதும் இல்லை. பசி மட்டும் எல்லா இனத்துக்கும் ஒன்றுதான்.

குழம்புச் சோறும் குருதியும்

நாய் ஊனுண்ணி, அதற்குச் சோறும் காயும் எதற்கு என்று கேட்போர் உண்டு. இதற்கு விடை நாயின் மரபணுவிலேயே இருக்கிறது. சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேசு என்னும் நொதிக்குரிய மரபணு, ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பன்மடங்கு படிகளாகப் பெருகியிருப்பதை அவர்கள் காட்டினர். பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனின் அடுப்பங்கரையில் காத்திருந்த விலங்கின் உடல், அந்த அடுப்பின் உணவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. பரங்கிக்காயிலும் கேரட்டிலும் உள்ள மஞ்சள் நிறமியை உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்ளவும் நாயால் இயலும். பூனைக்கு அது இயலாது. ஆகவே அடுப்பில் வேகும் தானியமும் காயும் நாய்க்கு அயலானவை அல்ல. எனினும் ஊனே அதன் முதன்மை உணவு, காய் துணைதான். நாயை முழுச் சைவமாக்க முயல்வோர் இதை மறந்துவிடுகின்றனர்.

இடர் வேறோர் இடத்தில் இருக்கிறது. மீனவர் வீட்டு நாய்க்கு அன்போடு வைக்கப்படும் மீன்குழம்புச் சோற்றில் வெங்காயமும் பூண்டும் வெந்து கரைந்திருக்கின்றன. இவ்விரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்குபவை. வேகவைத்தாலும் அவற்றின் நச்சுத்தன்மை போவதில்லை. நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15 கிராம் வெங்காயம் சென்றாலே குருதியில் கேடு தோன்றக்கூடும். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 150 கிராம், அதாவது இரண்டு நடுத்தர வெங்காயம். ஒருநாள் சோற்றில் அவ்வளவு இராது என்று சொல்லலாம். சிறிது சிறிதாக நாள்தோறும் சேர்ந்தாலும் கேடு விளையலாம் என்பதே கவலைக்குரியது. ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, நாய் சோர்ந்து கிடக்கும்போது வெயிலையோ வயதையோ காரணம் சொல்பவர் உண்டு. முந்தைய நாள் குழம்பை யாரும் நினைப்பதில்லை.

கரையில் வேறொரு நஞ்சும் கிடக்கிறது. வலையில் தற்செயலாகச் சிக்கி மணலில் எறியப்படும் பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு, நெருப்பில் வெந்தாலும் அழியாதது. உடலை ஊதிப் பந்தாக்கிக்கொள்ளும் அம்மீனை மீனவர் நன்கு அறிவர். பசித்த குருளை அறியாது. பேத்தையைக் கடற்கரையில் எறியாமல் குழிதோண்டிப் புதைப்பது சிறிய வேலைதான். சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து உண்டால் அவற்றிலுள்ள நொதி, தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைத்து நரம்பைக் கெடுக்கும். இந்நொதியோ வேகவைத்தால் அழிந்துவிடும். நாய்க்கும் மீனை வேகவைத்துத் தருவதே நன்று என்பதற்கு இதுவே காரணம்.

துறைமுகத்தில் பிறந்த பண்டம்

நாய்க்கெனச் சுட்ட ரொட்டித்துண்டை நகரத்தார் ஆடம்பரம் என்று குப்பத்தார் நகைக்கலாம். ஆனால் அதன் கதை ஒரு துறைமுகத்தில் தொடங்கியதாகவே சொல்லப்படுகிறது. அமெரிக்கரான சேம்சு இசுபிராட்டு என்பவர் இங்கிலாந்துக்குச் சென்றிருந்தபோது, மாலுமிகள் வீசிய கெட்டிக் கப்பல் ரொட்டியைத் துறைமுகத்து நாய்கள் மொய்த்து உண்பதைக் கண்டாராம். 1860களில் கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து நாய்க்கான பிசுக்கட்டுகளை அவர் விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் பெருவணிகமாக விளங்கும் நாய்த்தீனித் தொழிலின் தொடக்கம் அது. 1613இல் டச்சுக்காரர் கோட்டை எழுப்பிய பழவேற்காடும் ஒருகாலத்தில் கப்பல்கள் வந்துசென்ற துறைதான். கப்பல் ரொட்டியை இங்கிருந்த நாய்களும் கவ்வியிருக்கக் கூடும்!

கடையில் விற்கும் பொட்டலத்தை நாடாமல், இப்பண்டத்தை வீட்டிலேயே சுடலாம். கேழ்வரகு மாவு ஒரு குவளை, கோதுமை மாவு ஒரு குவளை எடுத்துக்கொள்ள வேண்டும். கேழ்வரகுக்குப் பசைத்தன்மை இல்லை; அது தனியே நின்றால் பண்டம் உதிர்ந்துபோகும். ஆதலால்தான் கோதுமையின் துணை. தோலும் விதையும் நீக்கி வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு குவளை, துருவிய கேரட் ஒரு கைப்பிடி, முட்டை ஒன்று. பரங்கிக்காய் கிடைக்காதபோது சர்க்கரைவள்ளிக் கிழங்கு உதவும். இவற்றோடு வேகவைத்து முள் நீக்கிய மீன்சதை அரைக் குவளை சேர வேண்டும்.

முள் எடுப்பதுதான் இதில் பொறுமை வேண்டும் வேலை. வெந்த மீனைக் கண்ணால் பார்த்து முள் எடுத்தால் போதாது. சதையை விரல்களுக்கிடையே சிறிது சிறிதாகத் தேய்த்து உணர வேண்டும். மத்தி போன்ற நுண்முள் மிகுந்த மீனைத் தவிர்த்துவிட்டுச் சதைப்பற்றுள்ள மடவையை எடுத்தால் வேலை பாதியாகும். மீன் ஆய்ந்தே பழகிய கைகளுக்கு இது கற்றுத்தர வேண்டியதில்லை. நகரத்துச் சமையலறைகளில் இதே பண்டத்தைச் செய்வோர் மீனுக்கு அஞ்சிக் கோழியை நாடுகின்றனர். அவ்வச்சம் குப்பத்து அடுக்களையில் இல்லை.

உப்பு, சர்க்கரை, மிளகாய், மசாலாப் பொடி எதுவும் சேர்க்கலாகாது. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது மனித நாவுக்குரிய தீர்ப்பு. நாயின் நாவில் சுவை மொட்டுகள் மனிதரைவிட மிகக் குறைவு. அது மூக்கால் உண்ணும் உயிர். மீனின் மணம் ஒன்றே அதற்குப் போதும். கருவாட்டைச் சேர்த்தால் மணம் கூடும் என்று எண்ணுவோர், அதனுள் ஏறியிருக்கும் உப்பையும் எண்ண வேண்டும்.

பிசைந்த மாவைச் சப்பாத்திக்குத் திரட்டுவதைவிடச் சற்றுத் தடிப்பாகத் திரட்டி, விரல் அகலத் துண்டுகளாக வெட்ட வேண்டும். மின்னடுப்பு இருந்தால் 160 பாகை செல்சியசு வெப்பத்தில் அரைமணி நேரம். இல்லாதவர் கனத்த பாத்திரம் ஒன்றின் அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, துண்டுகள் அடுக்கிய தட்டை வளையத்தின்மேல் இருத்தி மூடிவிடலாம். மணல் சூட்டை வாங்கிச் சீராகத் தரும். மணலுக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. ஆனால் உவர்மணலை நல்ல நீரில் அலசி உலர்த்திக்கொள்வது பாத்திரத்துக்கு நல்லது. சிறுதீயில் முக்கால் மணி நேரம் ஆகலாம். இடையே ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். விரலால் ஒடித்தால் ‘சடக்’கென்று ஒலிக்கும்வரை ஈரம் வற்ற வேண்டும்.

கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வருவது. நன்கு சுட்ட பண்டமும் திறந்து வைத்தால் ஒரே இரவில் நமத்துவிடும். பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி அழகியதுதான். ஆனால் அது காற்றுப் புகுவது. இறுக மூடும் தகர டப்பாவே இதற்கு ஏற்றது. ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பூசணம் படர்ந்த துண்டை நாய்தானே என்று போடலாகாது. அதில் பிறக்கும் நஞ்சு ஈரலைத் தாக்கும்.

எவ்வளவு தருவது? இத்தகைய தின்பண்டம் நாயின் ஒருநாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. இது தின்பண்டமே, சோற்றுக்கு மாற்றன்று. புயல் நாளுக்கும் உலர்ந்த துண்டுகள் மட்டும் போதா. வெங்காயம் சேராத வெந்த சோறும், முட்டையோ மீனோ சிறிதும், மசித்த காயும் இருந்தால்தான் அது வயிறு நிறையும் உணவு. வீட்டாருக்கே அரிதான நாளில் இது எளிதன்று. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி கூடுதலாக இடுவதும், வெங்காயம் தாளிக்கும் முன்பே நாயின் பங்கை எடுத்து வைத்துவிடுவதும் இயலக்கூடியவை.

உணவை எங்கே வைப்பது என்பதும் எண்ணத்தக்கது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இக்கரையேறி, மணலைத் தோண்டி, நூறளவில் முட்டையிட்டுச் செல்கின்றன. குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். அதுவரை அம்முட்டைகளுக்கு நேரும் இடர்களில் நாயின் மோப்பமும் ஒன்று. கரையில் திரளும் நாய்க்கூட்டம் ஒரே இரவில் ஒரு கூட்டை முற்றும் தோண்டிவிடும். ஏரிக்கு வரும் பூநாரைகளையும் கரைப்பறவைகளையும் விரட்டிக் களைப்படையச் செய்வதும் உண்டு. வயிறு நிறைந்த நாய் ஒருபோதும் தோண்டாது என்று உறுதிகூற இயலாது. தோண்டுவது அதன் இயல்பு. ஆனால் கடற்கரையில் கழிவைக் கொட்டி நாய்களைக் கூட்டுவதற்கும், வீட்டு முற்றத்தில் கிண்ணம் வைத்து இரவில் அங்கேயே இருத்திக்கொள்வதற்கும் ஆமைக்கூட்டைப் பொறுத்தவரை பெரும் வேறுபாடு உண்டு. முற்றத்து நாயை வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பிடித்துச் செல்வதும் எளிது.

முதன்முறை இப்பண்டத்தைப் பெறும் நாய் அதை உடனே உண்ணும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. முகர்ந்து பார்க்கும், வாயில் கவ்வித் தூக்கிச் செல்லும், வேலி ஓரத்து மணலைக் காலால் பறித்து அதற்குள் இட்டு, மூக்கால் மணலைத் தள்ளி மூடும். கிடைத்ததை நாளைக்கென்று புதைத்து வைக்கும் ஓநாய்க்காலப் பழக்கம் அது. குழந்தைகள் அதைத் தோண்டி எடுத்து மீண்டும் ஊட்ட முயல்வார்கள். அப்படியே விட்டுவிடலாம், அது புதைத்த இடம் அதற்குத் தெரியும்.