மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா? சண்டை போடாமல் ஒரு ஒப்பீடு

"மைஎஸ்கியூஎல் நல்லதா, போஸ்ட்கிரெஸ் நல்லதா?" நாலு கம்ப்யூட்டர் பசங்க நின்று டீ குடிக்கிற இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு மெதுவாக நகர்ந்து பாருங்கள். ரஜினியா கமலா, ராஜாவா ரஹ்மானா வரிசையில் சேர வேண்டிய கேள்வி இது. டீ ஆறிவிடும், பேச்சு ஆறாது. :-)

எனக்கு இரண்டும் பழக்கம். மனசுக்குப் பிடித்தது போஸ்ட்கிரெஸ் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பயர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொண்டு ஆட்டம் பார்ப்பதுதானே நியாயம்? இந்தச் சண்டைகளை ரொம்ப நாளாகக் கவனித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: இரண்டு பக்கமும் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் வேறு வேறு வருஷத்து உண்மை, வேறு வேறு வேலைக்கான உண்மை. அந்த வருஷத்தையும் வேலையையும் சொல்லாமல் விடும்போதுதான் சண்டை ஆரம்பிக்கிறது.

முதலில் ஜாதகம் பார்த்துவிடுவோம். போஸ்ட்கிரெஸ் 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்தது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற முழுப்பெயர் 1996-ல் வந்தது. மைஎஸ்கியூஎல்லின் முதல் வெளியீடு 1995-ல். அதை உருவாக்கிய மைக்கேல் விடெனியஸ் தன் மகள் 'மை'யின் பெயரையே அதற்கு வைத்தார். ஒன்று பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பிள்ளை, விதிமுறைக்கு முதல் மரியாதை கொடுக்கும். இன்னொன்று கடைத்தெருவில் வளர்ந்த பிள்ளை, வந்த வாடிக்கையாளரைக் காக்கவைக்காமல் அனுப்பணும் என்று நினைக்கும். இரண்டு குணத்துக்கும் அதனதன் நியாயம் உண்டு.

சரி, குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

மைஎஸ்கியூஎல் மீது வழக்கமாக வைக்கப்படுவது: "அது டேட்டாவைச் சத்தமில்லாமல் கெடுக்கும்." பத்து எழுத்து கொள்ளும் இடத்தில் பதினைந்து எழுத்தைக் கொடுத்தால், மிச்சத்தை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். இல்லாத தேதியைக் கொடுத்தால் எல்லாம் பூஜ்யமாக மாற்றி வைத்துக்கொள்ளும். உண்மைதான். ஆனால் 2015-ல் வந்த 5.7 வெர்ஷனில் இருந்து கண்டிப்பு முறை டீஃபால்ட்டாகவே வருகிறது. தப்பான டேட்டாவைக் கொடுத்தால் பிழை சொல்லி மறுத்துவிடும். அதே மாதிரி 'மார்க் 0-க்கும் 100-க்கும் நடுவில்தான் இருக்கணும்' என்பது போன்ற நிபந்தனைகளை மைஎஸ்கியூஎல் ரொம்ப காலம் படித்துவிட்டு, தலையாட்டிவிட்டு, கண்டுகொள்ளாமல் விட்டது. 2019-ல் வந்த 8.0.16-ல் அதுவும் சரியானது.

போஸ்ட்கிரெஸ் மீது வைக்கப்படுவது: "விண்டோஸில் ஓடாது, ரெப்ளிகேஷன் கிடையாது, இருந்தால் திருத்து இல்லாவிட்டால் சேர் என்று ஒரே வரியில் எழுத முடியாது." இவையும் ஒரு காலத்தில் உண்மை. விண்டோஸில் நேரடியாக ஓடும் வசதி 2005-ல் 8.0-வில் வந்தது. கூடவே வரும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் 2010-ல் 9.0-வில் வந்தது. அந்த ஒரே வரி சமாச்சாரம் 2016 ஜனவரியில் 9.5-ல் வந்தது.

இப்போது ஒருவர் 2008-ல் பார்த்த மைஎஸ்கியூஎல்லை வைத்தும், இன்னொருவர் 2004-ல் பார்த்த போஸ்ட்கிரெஸ்ஸை வைத்தும் பேசினால் என்ன ஆகும்? இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு இன்ஸ்டால் பண்ணப்போகும் பையனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் என் முதல் விதி: வெர்ஷன் நம்பர் இல்லாத குற்றச்சாட்டை நம்பாதே, நீயும் சொல்லாதே.

இரண்டாவது விதி, ஒரே வாக்குறுதி கொடுக்கும் இரண்டைத்தான் ஒப்பிடணும். பழைய வேகச் சோதனைகளில் அடிக்கடி வரும் ஒன்று, டேபிளில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணச் சொல்வது. மைஎஸ்கியூஎல் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லும், போஸ்ட்கிரெஸ் உட்கார்ந்து எண்ணும். ஏன்? அப்போதைய டீஃபால்ட்டான மைஐஎஸ்ஏஎம் என்ற டேபிள் வகை, மொத்த எண்ணிக்கையைத் தனியாக எழுதி வைத்திருக்கும். அதற்கு ட்ரான்ஸாக்ஷன் கிடையாது, அதனால் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கைதான். ட்ரான்ஸாக்ஷன் உள்ள இடத்தில், ஒரே நொடியில் இரண்டு பேர் கேட்டால் இரண்டு பேருக்கும் வேறு வேறு விடை சரியாக இருக்கலாம். அதனால் எண்ணித்தான் ஆகணும். 2010-ல் வந்த 5.5-ல் இருந்து மைஎஸ்கியூஎல்லின் டீஃபால்ட்டான இன்னோடிபியும் அப்படி எண்ணத்தான் செய்கிறது.

இன்னொன்று, 'சேமித்துவிட்டேன்' என்ற சொல். இரண்டிலுமே டீஃபால்ட்டாக, கமிட் ஆன விஷயம் டிஸ்கில் போய்ச் சேர்ந்த பிறகுதான் சர்வர் 'ஆச்சு' என்று சொல்லும். அதைத் தளர்த்திக்கொள்ளவும் இரண்டிலும் செட்டிங் இருக்கிறது. ஒரு பக்கம் தளர்த்திவிட்டு இன்னொரு பக்கம் அப்படியே விட்டால், தளர்த்திய பக்கம் ஜெயிப்பது ஆச்சரியமே இல்லை. கரண்ட் போனால்தான் யார் ஜெயித்தார் என்று தெரியும்! மெமரி செட்டிங்கும் அப்படியே. இரண்டுமே டேட்டாவை வைத்துக்கொள்ள டீஃபால்ட்டாக 128 எம்பிதான் எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு ஓட்டுவது ஒரு ஓட்டப்பந்தயக்காரனுக்கு மட்டும் ஷூ கொடுக்கிற மாதிரி.

மூன்றாவது, என்ன வேலை என்பது. இதற்கு ஊபரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனி 2013 வாக்கில் மைஎஸ்கியூஎல்லில் இருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறியது. 2016-ல் போஸ்ட்கிரெஸ்ஸில் இருந்து மைஎஸ்கியூஎல்லுக்கு மாறியதாக விரிவாக எழுதியது. இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கொடி பிடித்தார்கள். ஆனால் காரணம் என்ன என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரியைத் திருத்தினால் புது வரி ஒன்று எழுதப்படும், அது இருக்கும் இடமும் மாறும். ஒவ்வொரு இண்டெக்ஸும் அந்த இடத்தைத்தான் சுட்டுகிறது என்பதால் பல நேரம் எல்லா இண்டெக்ஸிலும் எழுத வேண்டிவரும். இன்னோடிபியில் மற்ற இண்டெக்ஸ்கள் பிரைமரி கீயைச் சுட்டும், அதனால் திருத்திய புலத்தின் இண்டெக்ஸை மட்டும் தொட்டால் போதும். நிறைய இண்டெக்ஸ், ஓயாத திருத்தம் என்று இருந்தவர்களுக்கு இது பெரிய விஷயம். அதே அமைப்பால் இன்னோடிபியில் தேடும்போது இரண்டு படி ஏறணும். ஊபர் கட்டுரையே அந்தக் குறையையும் சொல்லியிருந்தது. கொடி பிடித்தவர்கள்தான் அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

ஒரு குறையை எப்படிச் சொல்லணும் என்பதற்கு நம்ம மொழியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் ரொம்ப காலம் இருந்தது ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைக்கும்தான் கொள்ளும். 'க', 'ழ' எல்லாம் மூன்று பைட் என்பதால் தமிழ் நன்றாகவே ஓடியது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலு பைட் வேண்டிய ஸ்மைலிப் படங்கள் வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. 2019-ல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, மாகாணி மாதிரியான பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் நாலு பைட்தான். நாளைக்கு யாராவது பழைய கணக்கோலைகளை அந்தக் குறிகளோடு டேட்டாபேஸில் ஏற்றினால், இது தெரியாமல் இருந்தால் வம்பு. இதை "மைஎஸ்கியூஎல்லுக்குத் தமிழ் வராது" என்று சொன்னால் வீண் பழி. "பழைய யூடிஎஃப்8 மூன்று பைட்தான்; 2010-லேயே யூடிஎஃப்8எம்பி4 வந்துவிட்டது; 2018-ல் வந்த 8.0-வில் இருந்து அதுவே டீஃபால்ட், பழைய டேபிள் என்றால் மாற்றிக்கொள்" என்றால் அது உதவி. விஷயம் ஒன்றுதான், கேட்கிறவன் கையில் மிஞ்சுவதுதான் வேறு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கோபம் வருகிறது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் அஞ்சு வருஷம் ராத்திரி கண்விழித்து மைஎஸ்கியூஎல்லைக் கற்றிருக்கிறார், அதில்தான் சம்பளம், அதில்தான் வீட்டு வாடகை. அவரிடம் போய் "அது குப்பை" என்றால், அவர் காதில் விழுவது "உன் அஞ்சு வருஷம் குப்பை" என்பதுதான். அப்புறம் அவர் இண்டெக்ஸைப் பற்றியா பேசுவார்?

அதனால் நான் கடைப்பிடிக்கிற வழி: அடுத்த பக்கத்துக் குறையைத் தொடுவதற்கு முன்னால் என் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுவது. போஸ்ட்கிரெஸ் திருத்திய பழைய வரிகளை டேபிளிலேயே விட்டு வைக்கும், அதை வேக்யூம் வந்து கூட்டிப் பெருக்கணும். அது பின்தங்கினால் டேபிள் ஊதிக்கொண்டே போகும். ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி ப்ராசஸ் என்பதால் ஆயிரக்கணக்கில் கனெக்ஷன் வந்தால் நடுவில் ஒரு பூலர் வைத்தாகணும். இதைச் சொல்லிவிட்டு, "டேபிளின் அமைப்பை மாற்றுவதைக்கூட ட்ரான்ஸாக்ஷனுக்குள் செய்து, பிடிக்காவிட்டால் திரும்பப் பெறலாம், மைஎஸ்கியூஎல்லில் அது முடியாது" என்றால், எதிரில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்கிறார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் டிவிட் டேட்டாபேஸ்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். ஆரக்கிளுக்கு அதில் நல்ல பெயர் கிடைக்கவில்லை. அதன் பிறகு, அனுமதி இல்லாமல் சோதனை முடிவுகளை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை ஆரக்கிளின் லைசென்ஸில் வந்தது. இன்றைக்கும் அதற்கு டிவிட் நிபந்தனை என்றுதான் பெயர். போஸ்ட்கிரெஸ்ஸுக்கும் ஜிபிஎல் லைசென்ஸில் வரும் மைஎஸ்கியூஎல்லுக்கும் அந்தப் பூட்டு இல்லை. எந்த மாணவனும் தன் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்து, விடையை ஊருக்கே சொல்லலாம். அப்படிக் கிடைத்த சுதந்திரத்தை யார் பெரியவர் என்று கத்துவதற்குச் செலவழிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் வேலையில் இருந்து நிஜமான பத்து கேள்விகளை எடுங்கள். இரண்டிலும் இன்றைய வெர்ஷனைப் போடுங்கள். ஒவ்வொன்றின் செட்டிங்கையும் அதை நேசிக்கிற ஆளிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். ஓட்டிப் பாருங்கள். எது ஜெயித்தது என்பதோடு, எந்தக் கேள்வியில் தோற்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் அதைத் தோற்ற பக்கத்து ஆளிடம் முதலில் காட்டுங்கள். அவர் "ஆமாம், இது சரிதான்" என்றால் உங்கள் ஒப்பீடு நியாயமானது.