விலகத் தெரியாத ஆட்டம்

போன மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போறதுக்கு முதல் நாள் ராத்திரி, காய் வெட்டி முடிச்சதும் நம்ம தொண்டர் தம்பிங்க கைப்பேசியில போக்கர் ஆடினாங்க. "அங்கிள், கத்துக்கிறீங்களா?"ன்னாங்க. வயசான நாங்க நாலு பேரும் உட்கார்ந்தோம்.

கையில 2 சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா 5 சீட்டு. அந்த ஏழுல நல்ல அஞ்சைச் சேர்க்கணும். "சீட்டு மோசம்னா உடனே போட்டுட்டு விலகிடணும் அங்கிள், அதுதான் முதல் பாடம்"னான் ஒரு தம்பி.

எங்களுக்குச் சுருக்குன்னுச்சு. தோட்டத்துல சாவு வீட்டுல ராத்திரி கண் விழிக்கத்தான் சீட்டு கத்துக்கிட்டோம். அப்புறம் சம்பள நாள்ல லயத்துக்குப் பின்னால உட்கார ஆரம்பிச்சோம். விட்டதைப் பிடிக்கிறோம்னு ஆடி, ஒரு தீபாவளிக்குப் பிள்ளைங்களுக்குத் துணி எடுக்கல. விலகத் தெரியல. தருமரும் விலகத் தெரியாமதானே நாட்டையே வச்சு இழந்தார்?

வள்ளுவர் 94-ஆம் அதிகாரத்தையே சூதுக்கு ஒதுக்கினார். சூதுல ஜெயிக்கிறது மீன் விழுங்கின தூண்டில் மாதிரின்னு சொல்லிட்டார்.

தம்பிங்களா, ஆட்டம் தெரிஞ்சுக்கங்க, தப்பில்ல. காசு மட்டும் வைக்காதீங்க. வச்சிருந்தா, இன்னிக்கே விலகிடுங்க.

முருகா சரணம்.