எம்.ஏ. செய்யலாமா டீச்சர்?



கல்வியியற் கல்லூரி முடித்து நியமனம் எடுத்த தங்கச்சிமார் இதைக் கேட்கிறார்கள். எச்.என்.டி.ஈ. முடித்து ஆசிரியரான தம்பிமாரும் கேட்கிறார்கள். சில நேரம் கேட்பது அவர்கள்கூட இல்லை, மாப்பிள்ளை வீட்டார். "எம்.ஏ. செஞ்சா சம்பளம் எவ்வளவு கூடும்?" என்று நேரடியாகவே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இன்பொக்ஸில் பதில் எழுதுவதை விட, நாவலப்பிட்டியிலும் சுற்றியுள்ள பாடசாலைகளிலும் ஆங்கிலம் படிப்பிக்கும் நாங்கள் சிலர் பேசிக்கொண்டதை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறோம். எங்களில் இருவர் முதுமாணி முடித்தவர்கள். ஒருவர் ஆய்வறிக்கையில் நிற்கிறார். மற்றவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

முதலில் காசு. அரசாங்கப் பாடசாலை ஆசிரியரின் சம்பளத் துண்டில் முதுமாணிக்கென்று ஒரு கொடுப்பனவு கிடையாது. சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் சுயவிபரக் கோவையில் சேர்ப்பார்கள். அவ்வளவுதான். 2014 இல் வர்த்தமானியில் வந்த ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். பட்டதாரி ஆசிரியரிடம் அது கேட்கும் தொழிற்தகைமை பட்டப்பின் கல்வி டிப்ளோமா. 2021 இல் நாமெல்லாம் ஒன்லைன் வகுப்பை நிறுத்திவிட்டு ஜூலை முதல் ஒக்டோபர் வரை நின்றோமே, அந்தப் போராட்டமும் தரத்துக்கும் சேவைக் காலத்துக்கும் உரிய சம்பள முரண்பாட்டைப் பற்றியதுதான். எம்.ஏ. வைத்திருப்பவருக்கு என்ன தருவீர்கள் என்று அதில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஆகவே பட்டம் இருந்து டிப்ளோமா இல்லாதவர் முதலில் டிப்ளோமாவை முடியுங்கள். மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தில் இருக்கிறது, திறந்த பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழியிலேயே இருக்கிறது. கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவோடு நிற்பவருக்கு அதற்கும் முன்னால் இளமாணி ஒன்று வேண்டும். திறந்த பல்கலைக்கழகம் ஆங்கிலத்தையும் ஆங்கிலக் கற்பித்தலையும் சேர்த்து ஒரு இளமாணி நடத்துகிறது. வேலை செய்துகொண்டே முடித்த டீச்சர்மார் நம்மூரில் இருக்கிறார்கள். இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்து நேரே முதுமாணிக்குக் கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. கண்ணாடிக் கட்டடம், மேல்மாடியில் ஏசி அறை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கொடி, 12 மாதத்தில் முதுமாணி. எங்களுக்குத் தெரிந்த ஒரு டீச்சர் அப்படியொரு இடத்தில் சேர்ந்தார். சீட்டு எடுத்தார், அது போதாமல் கல்யாண நகையில் பாதியைக் கொடுத்தார். வட்டிக்குப் போக மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றதால் நகைதான் போனது. பட்டம் கிடைத்தது, படமும் எடுத்தார்கள். அதன் பிறகுதான் அதை இங்கே எங்கே காட்டினாலும், "இந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் உள்ளதா?" என்ற கேள்வி வந்தது.

அந்தக் கேள்வியைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடலாம். வெளிநாட்டுப் பட்டம் ஒன்றைப் பார்க்கும்போது நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இருக்கிறதா என்று பார்க்கிறது. உள்ளூர்ப் பட்டமானால் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். 9ஆம் மட்டம் பாடநெறியால் மட்டும் முடிக்கும் 30 கிரெடிட் முதுமாணி. 10ஆம் மட்டம் ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட். இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோலவே இருக்கும். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியோ எம்.பில்.லோ உங்கள் கனவில் இருந்தால் ஆய்வு உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். பாதியில் மாறுவது தலையிடி.

கட்டணத்தை விடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சனி, ஞாயிறு! கம்பளை, பேராதனை வழியாகக் கண்டி நமக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து பொல்கொல்லைக்கு இன்னொரு பஸ். நாவலப்பிட்டியிலிருந்து நாவலைக்குப் போவதென்றால் (பெயரில் மட்டும்தான் கிட்ட) சுபஹுக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆங்கில ஆசிரியருக்குச் சனி, ஞாயிறு என்றால் டியூஷன் வகுப்பு. இரண்டு வருடம் அந்த வகுப்பை விட்டால், பிறகு வந்து திறக்கும்போது பிள்ளைகள் வேறு சேரிடம் போயிருப்பார்கள். டியூஷன் கொடுக்காத டீச்சராக இருந்தால் அந்த இரண்டு நாளும் வீட்டுக் கடமைக்குரியவை. எங்களில் ஆய்வறிக்கையில் நிற்பவர் பெண். பாடங்களையெல்லாம் நேரத்துக்கு முடித்தார். இடையில் பிள்ளை கிடைத்தது, பிறகு மாமிக்குச் சுகமில்லாமல் போனது, அத்தியாயம் மூன்று அப்படியே கிடக்கிறது. ஆணாக இருந்திருந்தால் எப்போதோ முடித்திருப்பார் என்று நாங்கள் எல்லோருமே நினைக்கிறோம். அவருடைய கணவரும் அதைத்தான் சொல்கிறார், மனுசன் நேர்மையானவர்.

அப்படியானால் வேண்டாமா? அப்படியும் சொல்லவில்லை. வகுப்பறையிலிருந்து வெளியே போகும் வழிகளில் அது செல்லும். ஆசிரியர் கல்வியியலாளர் சேவைக்குப் போய்க் கல்வியியற் கல்லூரியில் விரிவுரையாளராக வேண்டும் என்பவருக்கு அதன் பெறுமதி தெரியும். பல்கலைக்கழக ஆங்கிலப் பிரிவுகளிலும் உயர் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் வருகை விரிவுரைக்குக் கூப்பிடும்போது முதுமாணி உள்ளவரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பிறகு வளைகுடா. சவூதி, ஓமான் பல்கலைக்கழகங்களில் அடித்தள வருட ஆங்கில வகுப்புகளுக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். டெசோல் அல்லது பிரயோக மொழியியலில் முதுமாணி என்று வழக்கமாகக் கேட்பார்கள். பக்கத்திலேயே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் விரும்பப்படுவார் என்றும் போட்டிருப்பார்கள், அதையும் படியுங்கள். தூரக்கல்வியில் எடுத்த பட்டமா, நேரில் போய்ப் படித்ததா என்று அங்கே கேட்பதுண்டு. வீட்டிலிருந்தே ஒன்லைனில் செய்த எம்.ஏ.யை நம்பி ரியாத் கனவு காண்பவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2022 ஜூனில், நாடு காசில்லாமல் கிடந்த நேரத்தில், அரச ஊழியர் 5 வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது நம் பக்கத்திலிருந்தும் ஆசிரியர்கள் போனார்கள். மாலைதீவுக்குப் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அன்றைக்கு ஒரு பால்மா பெட்டியின் விலை என்னவென்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ரிஸ்க் எங்கே எழுதியிருக்கிறதோ அங்கே போகத்தான் வேண்டும்.

ஆனால் நம்மூர்ப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். சம்பளத்தில் எதுவும் கூடாது, வெளியே போனால் எல்லாம் கூடும் என்றால், முதுமாணி படிக்கும் ஆங்கில ஆசிரியர் ஒவ்வொருவரும் போவதற்காகவே படிக்கிறார் என்றுதான் அர்த்தமாகும். தொலஸ்பாகைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் தரம் 6 பிள்ளைக்கு ஆங்கில டீச்சர் கிடைப்பதே பெரிய விசயம். அங்கே இருக்கும் ஒருவர் நன்றாகப் படித்தால் அந்தப் பாடசாலை அவரை இழக்கிறது. எங்களை உறுத்துவது இதுதான்.

படிப்பால் வகுப்பறைக்குள் எதுவும் வரவில்லையா என்றால், வந்தது. ஒரு உதாரணம் சொல்கிறோம். நம் பிள்ளைகள் 'திங்க்' என்ற சொல்லின் முதல் ஒலியை 'டிங்' என்றோ 'திங்' என்றோ சொல்வார்கள். ஒலியியல் பாடத்தில் நாக்கு, பல், உதடு என்று படம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்களில் ஒருவருக்கு உறைத்தது: இதைத்தானே மத்ரஸாவில் மக்ரஜ் என்று படித்தோம்! மூன்று புள்ளி ஸேக்கு நாக்கின் நுனி எங்கே போகிறதோ அங்கேதான் 'திங்க்' தொடங்குகிறது. 'திஸ்' என்பதற்குப் புள்ளி வைத்த தால். எஃப் எழுத்துக்கு ஃபே. டபிள்யூவுக்கு வாவ், உதட்டைக் குவிக்க வேண்டும். வீ எழுத்து மட்டும் அரபில் இல்லை, அதற்குத் தனியாகப் பல்லை உதட்டில் வைக்கச் சொல்ல வேண்டும். 'புக்கு', 'பேங்கு' என்று கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்வதற்கும் மருந்து அங்கேயே இருக்கிறது. ஓதும்போது சுகூனில் நிறுத்தத் தெரிந்த பிள்ளைக்கு 'புக்' என்று நிறுத்தத் தெரியும். 6ஆம் தரத்தில் இதைச் சொல்லிக் கொடுத்த அன்று ஒரு பையன், "அப்ப மிஸ், எங்கட ஹஸ்ரத்துக்கும் இங்லிஷ் வருமா?" என்று கேட்டான். மாஷா அல்லாஹ், அந்த வகுப்பு அதற்குப் பிறகு வாயைத் திறக்கத் தயங்கவில்லை.

இதற்கு எம்.ஏ. கட்டாயம் தேவையா என்றால் தேவையில்லை. ஆனால் தன் வகுப்பைத் தானே உற்றுப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு அங்கேதான் வந்தது. இதற்குப் பெரிய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா அமெரிக்காவில் டெக்சாஸில் கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தார். அவருடைய மாணவர்கள் படித்தது அமெரிக்காவிலிருந்து வந்த பாடப் புத்தகம். அதன் ஓரங்களில் அவர்கள் கிறுக்கிய படங்களையும் வசனங்களையும் அவர் எடுத்து ஆராய்ந்தார். பாடத்தில் இருந்த வாழ்க்கைக்கும் பிள்ளைகளின் வாழ்க்கைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அந்த ஓரங்களே அவருக்குக் காட்டின. 1999 இல் வந்த 'ரெசிஸ்டிங் லிங்குவிஸ்டிக் இம்பீரியலிசம் இன் இங்கிலிஷ் டீச்சிங்' என்ற நூலில் அந்த வகுப்பறை இருக்கிறது. உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர்கள் அதை முதுமாணி வகுப்புகளில் படிக்கிறார்கள். அவரும் 1994 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று, அது வேறு கதை. கிறுக்கிய கொப்பிகள் நம்மிடமும் கட்டுக் கட்டாக இருக்கின்றன, நாம் அவற்றில் சிவப்புப் பேனாவால் சரி பிழை மட்டும் போடுகிறோம்.

ஊரவரிடம் ஒன்று கேட்கிறோம். ஒரு ஆசிரியர் முதுமாணி எடுத்தால் பழைய மாணவர் சங்கம் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறது. அல்ஹம்துலில்லாஹ், சந்தோசம். அந்தக் காசில் பாதியை அடுத்த ஆளின் பஸ் செலவுக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, முடித்த பின் மூன்று வருடம் நம் பாடசாலையிலேயே படிப்பிக்க வேண்டும் என்று எழுதி வாங்கினால் என்ன? இடமாற்றம் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே ஒரு சேர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். வீட்டில் பிள்ளை பார்க்க ஆளில்லாத டீச்சர்மாருக்குச் சனிக்கிழமை ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். காசை விட அதுதான் பலரை நிறுத்தி வைத்திருக்கிறது.

சேர நினைப்பவர்கள் விண்ணப்பம் போடும் முன் எங்களிடம் ஒருமுறை பேசுங்கள். முடித்த இரண்டு ஆய்வறிக்கைகளும், சேவைப் பிரமாணக் குறிப்பின் பிரதியும் எங்களிடம் இருக்கின்றன. நீங்கள் பார்த்திருக்கும் பாடநெறியின் கையேட்டையும் கட்டண விபரத்தையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து வரி வரியாகப் பார்ப்போம். ஞாயிறு அஸருக்குப் பிறகு எங்களில் இருவராவது ஊரில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். டீச்சர்மார் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. மாமியாரையே கூட்டி வந்தாலும் சரி, சம்பளக் கேள்விக்கு நாங்களே பதில் சொல்கிறோம்.