இடமில்லை என்று அழித்துவிடாதீர்கள்

நேற்று ராத்திரி தங்கச்சி மகனின் சான்றிதழை ஸ்கேன் செய்து சேமிக்கப் போனால், டிஸ்கில் இடமில்லை என்று நின்றுவிட்டது. நான் பிளஸ் டூ படிக்கும்போது அரசு தந்த லேப்டாப். 320 ஜிபி. இன்றும் லினக்ஸில் ஓடுகிறது.

டெர்மினலைத் திறந்து 'டிஎஃப் -எச்' என்று அடித்தேன். மொத்தம், செலவு, மிச்சம், சதவீதம் எல்லாம் ஒரே வரியில் வந்தது. 97%. எந்த ஃபோல்டர் இடத்தை அடைக்கிறது என்று பார்க்க 'டியு -எஸ்எச்'. 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே டிஎஃப், டியு இரண்டும் உண்டு. இன்னும் அதே வேலையைச் செய்கின்றன.

பெரிய ஃபோல்டரின் பெயர் 'டிசம்பர் 2023'. 61 ஜிபி.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எங்கள் எர்ணாவூர் வீடுகளுக்குள் எண்ணெய் புகுந்த நாள்கள். ஒரு வீடியோவில் அம்மா, சுவரில் முழங்கால் உயரத்துக்குப் படிந்த கறுப்புக் கோட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். கோடு போகவில்லை.

அதை அழிக்க மனசு வரவில்லை. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டில் நகல் எடுத்து, திறந்து பார்த்த பிறகுதான் இங்கிருந்து நீக்கினேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் திரும்பும். மறுபடி டிஎஃப் அடித்தேன்: 76%.

நம்ம ஊர்க்காரர்களே, அந்த நாள்களின் படமோ வீடியோவோ போனில் இருந்தால், இடமில்லை என்று அழித்துவிடாதீர்கள். முதலில் நகல் எடுங்கள். நமக்கு நடந்ததற்கு அதுதான் சாட்சி.