ரசீது கேளுங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சாதிப் பாகுபாடு பற்றிப் புகார் கொடுக்கும் மாணவர்களோடு கல்லூரி அலுவலக வாசலில் காத்திருப்பது என் வேலையில் பாதி. அங்கே நான் அதிகம் கேட்ட பதில், "பேசி முடிச்சுக்கலாம்." புகார் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அது எழுத்தில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு மாணவி. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பிலேயே வாசித்து, "சலுகையில படிக்கிறவங்க எல்லாம் எழுந்திரிங்க" என்றிருக்கிறார் ஆசிரியர். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள்; கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. மூன்றாம் நாள் அவள் அப்பாவுக்கு போன். கல்லூரியிலிருந்து அல்ல. அவர் பருத்தி எடுக்கப் போகிற காட்டுக்காரர் பேசினார்: "உன் பொண்ணு என்னமோ எழுதிக் குடுத்துருக்காமே?" மறுநாள் அப்பாவே வந்து அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டார்.

குழு அமையுங்கள், பயிலரங்கம் நடத்துங்கள் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் கல்லூரி ஊருக்கு வெளியே இல்லை. எழுத்தர், ஆசிரியர், நிலக்காரர் மூவரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்காருகிறவர்கள். எனவே முதல் சீர்திருத்தம் ரகசியம். பெண்களுக்கான பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) புகார்தாரரின் பெயரை வெளியிடுவதைத் தடுக்கிறது, மீறினால் தண்டனையும் உண்டு. சாதிப் புகாருக்கும் அதே காப்பு ஏன் கூடாது? அந்தக் குழுவில் வெளியாள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இங்கேயும் அப்படி ஒருவர் வேண்டும், அதுவும் மாவட்டத்துக்கு வெளியே இருந்து.

விதி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிமுறைகள் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் வேண்டும் என்கின்றன. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? ரோகித் வெமுலா 2015 டிசம்பரில் துணைவேந்தருக்குக் கடிதம் எழுதினார். 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். மும்பையில் மருத்துவ மாணவி பாயல் தட்வி 2019 மே மாதம் இறந்தார். இரண்டு தாய்மார்களும் அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் போனது, இந்த 2012 விதிகள் நடைமுறையில் இல்லை என்றுதான். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் புதிய விதிமுறைகள் வந்தன. அதே மாதம் நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, பழையதே தொடரட்டும் என்றது. பதினான்கு வருடம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறோம்.

இன்னொன்று. "கல்லூரி விசாரணை முடியட்டும், அப்புறம் போலீஸ் போங்க" என்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு, முதல் தகவல் அறிக்கை பதியும் முன் ஆரம்ப விசாரணை தேவையில்லை என்கிறது. கல்லூரி விசாரணை அதற்குத் தடையே அல்ல.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். புகாரை நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குகிறோம். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், சேர்ந்ததற்கான சான்றோடு (பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைந்துவிட்டது). ஒரு பிரதி திருச்சியில் உள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு. நம் மாவட்டக் கல்லூரிகள் பல அதன் கீழ்தான் வருகின்றன. கடிதம் திருச்சி போய்விட்டது என்று தெரிந்ததும் அலுவலகத்தில் நாற்காலி போடுகிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள்: ஐந்து ஆண்டுகளில் எத்தனை சாதிப் புகார்கள் வந்தன, ஒவ்வொன்றும் எத்தனை நாளில் முடிந்தது, முடிவு எழுத்தில் தரப்பட்டதா? முப்பது நாளில் பதில் தர வேண்டும். "புகார் ஏதும் இல்லை" என்று வந்தால் அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த புகாரோடு இணைக்கலாம். மனு எழுத உதவி வேண்டுமானால் சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம்.